அளவுக்கு ஒரு ஆள்

நாகேந்திரம் பொய் சொல்வதில்லை, கூட்டிச் சொல்வார். வெள்ளவத்தைக் கடற்கரையில் அவர் கண்ட ஆமை ஓட்டோவளவு இருந்தது. பாமன்கடையில் வெள்ளம் நின்ற அன்று பஸ் கொண்டக்டர் டிக்கட் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்திப் போனதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டார். அரை அங்குலம் பிசகினாலும் மேலதிகாரி தாளைக் கிழித்தெறியும் அரசாங்கத் திணைக்களமொன்றில் முப்பத்தேழு வருடம் படவரைஞராக இருந்த மனிதர் அவர். அத்தனை வருடமும் அடக்கி வைத்த அரை அங்குலங்களையெல்லாம் ஓய்வுபெற்ற மறுநாளே அவிழ்த்துவிட்டுவிட்டார் என்பது மகள் சாம்பவியின் கண்டுபிடிப்பு.

அப்படிப்பட்டவரின் கையில் மோல்வத்தை அகப்பட்டது.

அது கொழும்பு ஒருகொடவத்தையில், கொண்டெய்னர் யாட்டுகளுக்குப் பின்னால் கிடக்கிற ஆறு ஏக்கர் காடு. முன்னொரு காலத்தில் அங்கே தேங்காயெண்ணெய் ஆலை இருந்தது; மோல் என்பது ஆலைக்குச் சிங்களம். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்து போனது, பிறகு திறக்கவேயில்லை. சொந்தக்காரரின் பிள்ளைகள் நாற்பத்தொரு வருடமாக வழக்காடிக்கொண்டிருக்க, மரங்கள் தீர்ப்பைத் தாங்களே எழுதிக்கொண்டன. புகைபோக்கியை ஒரு ஆலமரம் கட்டிப்பிடித்து விழுங்கிவிட்டது. தள்ளுவண்டித் தண்டவாளத்தின் நடுவே கித்துள் மரம் நின்றது. கொப்பரை காயவைத்த சிமெந்துத் தரையைப் பிளந்துகொண்டு அத்தியும் ஈரப்பலாவும் வளர்ந்திருந்தன. ஒரு பெரிய இரும்புச் சில்லு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வேருக்குள்ளுமாக, எழும்ப முயன்று களைத்துப்போன மாடு மாதிரிக் கிடந்தது. நாகேந்திரம் வீட்டில் சொன்ன கணக்குப்படி அந்தக் காட்டின் பரப்பு அறுபது ஏக்கர், புகைபோக்கி இருநூறு அடி.

செவ்வாய்தோறும் இரண்டு பஸ் மாறி அங்கே போவார். வரைபுத்தகம், பென்சில் பெட்டி, மடிக்கிற ஸ்டூல், ஒரு போத்தல் தண்ணீர். யாட்டின் காவலாளி றேமண்ட் பின்மதிலில் இருந்த உடைப்பைக் காட்டி விடுவான். கொட்டாஞ்சேனைக்காரன், ஐம்பது வயது, கழுத்தில் அந்தோனியார் பதக்கம். உடைப்பு வரையும் வருவான். அதற்கு அங்கால் ஒரு அடி வைக்கமாட்டான். சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் வைக்கமாட்டானாம். ஏன் என்று கேட்டால், உள்ளே பாம்பு என்பான். பாம்புக்குப் பயந்தவன் எதற்காகப் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டு பேசுகிறான் என்று நாகேந்திரம் கேட்கவில்லை.

உள்ளே போனதும் முதலில் தெரிவது சத்தம் நின்றுபோவதுதான். மதிலுக்கு இந்தப் பக்கம் லொறிகள் கத்தி ஊரைக் கூட்டும். அந்தப் பக்கம் இறங்கி நாலு அடி வைத்தால், யாரோ கதவைச் சாத்தியது போல எல்லாம் அடங்கிவிடும். பிறகு மணம் வரும். நாற்பத்தொரு வருட மழை கழுவியும் போகாத பிண்ணாக்கு மணம், கருகினது. அதை மட்டும் நாகேந்திரம் வீட்டில் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வது இருக்கட்டும், சொல்லவேயில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பொயிலர் வீட்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கூரை இல்லை. செங்கல் சுவர் ஒன்று, அதன் நடுவே பொயிலரின் இரும்பு வாய். வாய்க்கதவு ஒரு பிணைச்சலில் தொங்கிற்று. ஆல விழுதுகள் சுவரில் வழிந்து இறங்கி அந்த வாயருகே மட்டும் விலகி இரண்டு பக்கமாகப் போயிருந்தன. அருமையான படம். அவருக்கு வாய் ஊறியது.

வரைந்துகொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. கரி அள்ளுகிற சவள் இரும்பில் உரசுகிற சத்தம். சரக், சரக், சரக். பிறகு கொஞ்சம் ஓய்வு. திரும்பவும் மூன்று தரம். யாட்டில் யாரோ வேலை செய்கிறார்கள் என்று தனக்குத்தானே சொன்னார். யாட்டில் லொறியின் ஹோர்னே இங்கே கேட்பதில்லை என்பது நினைவுக்கு வந்தபோது அவர் தலையை உயர்த்தவில்லை. பென்சிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரைந்தார். உயர்த்தியிருந்தால் என்ன கண்டிருப்பார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். சத்தம் நின்றபோது படமும் முடிந்திருந்தது. பொயிலர் வாயடியில் ஒரு ஆள் நின்றான்.

இதில் அதிசயம் இல்லை. எந்தப் படமானாலும் அளவுக்கு ஒரு ஆள் நிற்கவேண்டும் என்பது திணைக்களத்து விதி. அணைக்கட்டு வரைந்தால் அதன் அடியில் ஒரு ஆள், பாலம் வரைந்தால் அதன்மேல் ஒரு ஆள். ஆள் இல்லாவிட்டால் அணைக்கட்டு எது, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி எது என்று எவனுக்கும் தெரியாது. அந்த ஆளின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. அந்த உயரத்தில் திணைக்களத்தில் நின்றது கோப்பு அலுமாரி மட்டும்தான். முப்பத்தேழு வருடத்தில் நாகேந்திரம் அப்படி நாலாயிரம் ஆட்களை நிறுத்தியிருக்கிறார். (சரி, நானூறு.) தலைக்கு ஒரு சுழி, உடம்புக்கு ஒரு கோடு, காலுக்கு இரண்டு கோடு. முகம் கிடையாது, பெயர் கிடையாது.

இந்த ஆள் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டான். தலையில் துவாய் கட்டியிருந்தான். இடக்கை இடுப்பில். சவளில் சாய்ந்து நின்றான். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. முகம் பொயிலர் வாயைப் பார்த்திருந்தது. நாகேந்திரத்துக்கே பிடித்துப் போனது. முதுமையில் கை திறக்கிறது என்று மெச்சிக்கொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் விரைவாகவே வெளியே வந்தார்.

யாட் வாசலில் பழனியம்மாவின் தேநீர்க் கொட்டில். அறுபத்தேழு வயது, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இந்த ஆலையில் வேலை செய்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். லொறிக்காரர்களை ஒரு முறைப்பில் வரிசைக்கு நிறுத்தக்கூடியவள். நாகேந்திரம் பிளேன்டீ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, அங்கே நின்ற றேமண்டுக்குப் படத்தை விரித்துக் காட்டினார். இது யார் என்று றேமண்ட் கேட்டான். அளவுக்குப் போட்ட ஆள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல், முடிந்திருக்கும். ஆனால் கேட்டுக்கொண்டு நாலு லொறிக்காரர்களும் நின்றார்கள். கேட்க ஆள் இருந்தால் நாகேந்திரத்தின் நாக்கு தரையில் நிற்காது. பொயிலரடியில் ஒருவன் நின்றான், தன்னைப் பாராமல் தீயைப் பார்த்துக்கொண்டே நின்றான், தீயே இல்லாத இடத்தில் அவன் முகத்தில் மட்டும் வெளிச்சம் அடித்தது, நேரில் பார்த்துத்தான் வரைந்தேன் என்று ஒரு மூச்சில் அளந்துவிட்டார். றேமண்டின் கை பதக்கத்துக்குப் போனது. அதைப் பார்க்க அவருக்கு உள்ளுக்குள் குதூகலம்.

பழனியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். லொறிக்காரன் ஒருவன் வடை கேட்டான். அவள் காதில் விழவில்லை.

"எந்தக் கையில சவளு?" என்றாள்.

படத்திலேயே தெரிகிறதே என்று நாகேந்திரம் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று தேநீருக்குச் சல்லி வாங்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் தன் கதைக்கு இன்னும் இரண்டு மெருகு போட்டார்.

புதன் இரவுச் சாப்பாட்டு நேரம் றேமண்ட் ஃபோன் எடுத்தான். குரலில் வழக்கமான நக்கல் இல்லை. அவன் சொல்லச் சொல்ல, நாகேந்திரத்தின் தட்டில் இருந்த இடியப்பம் ஆறியது.

பழனியம்மாவின் புருசன் இருளப்பன் அந்த ஆலையில் பொயிலருக்குத் தீப் போட்டவன். தள்ளுவண்டி ஏறி வலது பாதம் திரும்பிப் போனவன். கலவரத்தன்று காலை முறைக்குப் போனான். அவள் இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றில் பத்து நாள் அடைந்து கிடந்துவிட்டுத் திரும்பியபோது ஆலை சாம்பல். ஆள் இல்லை. உடம்பும் இல்லை. இறந்ததாகவும் தெரியாது, இருப்பதாகவும் தெரியாது. நாற்பத்தொரு வருடமாகப் பொட்டு அழியவில்லை, தாலி இறங்கவில்லை. ஒரு பிடி எள்ளுத் தண்ணீர் அவனுக்கு யாரும் இறைக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுத்துத் தருவதாக அலுவலர் ஒருவர் சொன்னபோது, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தவள் அவள்.

"இப்ப தாலியக் கழட்டப் போறாங்க ஐயா. வெள்ளிக்கிழமை பகல், உள்ளுக்க, அந்த பொயிலர்கிட்டயே. மகனுக்கும் லீவு போடச் சொல்லிட்டாங்க. உசுரோட இருக்கிற மனுசன் அங்க வந்து நிக்கமாட்டானாம். ஐயா கண்ணால கண்டாராம், அது போதுமாம்."

நாகேந்திரம் தட்டைத் தள்ளி வைத்தார். வெள்ளைக்காரன் கணக்கில் போட்ட ஒரு கோட்டு ஆள், ஒருத்தியின் தாலியை அறுக்கப் போகிறான். சாம்பவியிடம் சொன்னார். இம்முறை ஒரு அங்குலமும் கூட்டாமல் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவளுக்கே பயம் பிடித்தது. அவள் வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிற பார்வையால் தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு விடியவே போய் அந்த மனுசியிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. நான் வரமாட்டன். நீங்களே சொல்லவேணும்."

வியாழன் முற்பகலில் பழைய வரைபுத்தகங்கள் ஏழு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். நானூறு ஆட்களையும் காட்டி, பார் அம்மா, இது என் தொழில் பழக்கம், எல்லாப் படத்திலும் இப்படி ஒருவன் நிற்பான் என்று சொல்லிவிடுவதாகத் திட்டம். ஆனால் கொட்டில் கண்ணுக்குத் தெரிந்ததும் கால் தானாக மறுபக்கம் திரும்பியது. முதலில் உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று தன்னை ஏமாற்றிக்கொண்டு மதில் உடைப்பால் இறங்கினார்.

சத்தம் அடங்கியது. மணம் வந்தது. பொயிலர் வீட்டில் பகல் பன்னிரண்டு மணி வெயில் நேராக இறங்கிக்கொண்டிருந்தும் அந்த இடம் மட்டும் பச்சையாக இருண்டு கிடந்தது. படத்தை விரித்துச் சுவரோடு ஒப்பிட்டார். சுவர் சரி. வாய் சரி. விழுது ஒவ்வொன்றும் சரி. பிறகு, பழக்க தோஷம், ஆளின் உயரத்தைச் சரிபார்த்தார். ஆளின் தலைக்கு நேரே எத்தனை செங்கல் வரி என்று படத்தில் எண்ணினார். இருபது. பென்சில் பெட்டியிலிருந்த அளவுநாடாவை எடுத்துச் சுவரில் பிடித்தார். சாந்தோடு சேர்த்து வரிக்கு மூன்று அங்குலம்.

ஐந்தடி.

திரும்ப எண்ணினார். இருபதுதான். ஐந்தடி ஒன்பது என்றால் இருபத்து மூன்று வரி வந்திருக்கவேண்டும். முப்பத்தேழு வருடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் பிசகாத கை. ஒரு தரம், ஒரே ஒரு தரம்கூட இந்தக் கை ஆளைக் குறைத்துப் போட்டதில்லை. பையிலிருந்த ஏழு புத்தகங்களையும் தரையில் விரித்துப் பார்த்தார். எல்லா ஆட்களும் வெள்ளைக்காரன் உயரம். எல்லாப் பாதமும் நேர்.

அப்போது சவள் இரும்பில் உரசியது. சரக். ஒரே ஒரு தரம். அவருக்குப் பின்னால் அல்ல, பொயிலருக்குள்ளே.

எழுபத்தொரு வயது மனிதர், ஏழு புத்தகமும் ஸ்டூலுமாக, அந்தக் காட்டை எத்தனை விநாடியில் கடந்தார் என்று அவரைக் கேட்டால் ஒலிம்பிக்காரர் வெட்கப்படவேண்டி வரும் என்பார். ஆனால் அவரை அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

கொட்டிலில் பழனியம்மா தனியாக இருந்தாள். வாங்குப் பலகையில் வாழையிலைக் கட்டு ஒன்றும், ஒரு பொதி எள்ளும், புதுச் செம்பு ஒன்றும் இருந்தன. நாகேந்திரத்தின் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, விதியைச் சொன்னார். ஐந்தடி ஒன்பது என்ற கணக்கைச் சொன்னார். லொறிக்காரர்கள் முன்னால் வாய் கொழுத்துச் சொன்னதைச் சொன்னார். புத்தகங்களைப் பிரித்துக் காட்டினார். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். அணைக்கட்டு ஆட்கள், பாலத்து ஆட்கள், நீர்த்தாங்கி ஆட்கள். அவசரப்படவில்லை. கடைசிப் புத்தகத்தை மூடிவிட்டு, மோல்வத்தைப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் கோடு ஐயா. இது அவரு." விரலால் அந்த ஆளைத் தொடாமல் தொட்டாள். "என் ஒசரம்தான் இருப்பாரு. மால மாத்தையில ரெண்டு பேருல ஒருத்தருக்கும் குனிய வேண்டியிருக்கல. ஊரே சிரிச்சிச்சு."

நாகேந்திரம் அவளைப் பார்த்தார். கொட்டில் கதவுநிலையோடு அவள் தலையை ஒப்பிட்ட கண், ஐந்தடி என்று தானாகக் கணக்குச் சொன்னது.

அவர் வாழ்க்கையில் இதுபோல ஒரு கதை கிடைத்ததில்லை. ஒரு அங்குலமும் கூட்டத் தேவையில்லாத கதை. இருபது வரி, நாடாவால் அளந்தது. நாக்கின் நுனியில் வந்து நின்றது. இதைச் சொன்னால் அவள் இப்போதே தாலியைக் கழற்றிவிடுவாள். ஊரெல்லாம் ஒரு வருடத்துக்கு அவர் பெயரைச் சொல்லும். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"வேற ஒண்ணும் சொல்ல வேணாம். ஒத்த வார்த்த. அவரப் பாத்தீங்களா, பாக்கலையா?"

சவள் சத்தம் காதில் இன்னும் இருந்தது. ஐந்தடி கையில் இருந்தது. ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

"இல்லை அம்மா," என்றார். "நான் ஒருத்தரையும் காணேல்லை."

வாசலால் ஒரு கொண்டெய்னர் லொறி போய்க் கொட்டிலை ஒரு உலுக்கு உலுக்கிற்று. தட்டத்துக் கிளாசுகள் கிலுகிலுத்து அடங்கின.

"பாத்தேன்னு சொன்னவங்கதான் ஐயா எனக்கு நாப்பத்தொரு வருசமும்," என்றாள். "மண்டபம் கேம்புல பாத்தேன்னு ஒருத்தன். ஜெயில்ல பாத்தேன்னு ஒருத்தன். சாமியாராப் போயிட்டாரு, கதிர்காமத்துல கண்டேன்னு ஒரு பொம்பள சத்தியமே பண்ணினா. எல்லா எடத்துக்கும் போனேன். என் புள்ளையத் தூக்கிக்கிட்டு போனேன். ஒங்க மாதிரி படத்தயும் குடுத்துட்டு, நான் பாக்கலன்னு சொல்ல ஒருத்தன் வரல." அவள் படத்தை மடிக்காமல், எள்ளுப் பொதியின் அருகே நிமிர்த்தி வைத்தாள். "நாளைக்கு வாங்க. எந்த எடம்னு சரியா காட்டணும்."

நான் காணவேயில்லையே, இடம் எப்படிக் காட்டுவது என்றார். படத்தில் எங்கே நிற்கிறாரோ அங்கே காட்டுங்கள் என்றாள். விலை கேட்டவனுக்குப் பதில் சொல்கிற குரல்.

வெள்ளிக்கிழமை பகல் ஆறு பேர் மதில் உடைப்பால் இறங்கினார்கள். பழனியம்மா, லொறி ஓட்டுகிற மகன் சந்திரகுமார், தொழிலாளர் லயத்திலிருந்து வந்த இரண்டு விதவைப் பெண்கள், நாகேந்திரம், ஆறாவதாக றேமண்ட். அவன் ஏன் இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. பதக்கத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்தான். நாகேந்திரம் சுவரில் வரி எண்ணி, நாடா பிடித்து, தரையில் ஒரு கல்லை வைத்தார். அந்த இடத்தில் இலை போட்டார்கள். சந்திரகுமார் நாற்பத்து மூன்று வயதில், முகம் நினைவில்லாத தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தான். பாதி எள் சிமெந்தில் கொட்டியது. சோற்றை உருட்டி வடையோடு வைத்துவிட்டு, காகத்தைக் கூப்பிட்டார்கள்.

கொழும்பில் மனிதரைவிடக் காகம் அதிகம். ஒருகொடவத்தையில் ஆளுக்கு ஒன்பது. ஒன்றும் வரவில்லை. சந்திரகுமார் தொண்டை கட்டும் வரை கரைந்தான். மதிலுக்கு வெளியே குப்பை லொறியின் மேல் நூறு காகம் சுற்றுவது மரங்களுக்கு மேலால் தெரிந்தது. ஒன்றாவது இந்தப் பக்கம் திரும்பவில்லை. அரை மணித்தியாலம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காகம் எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பழனியம்மாவின் கை தாலிக்கயிற்றைப் பிடித்தபடியே நின்றது. இறக்கவும் இல்லை, விடவும் இல்லை.

பொயிலருக்குள் இரும்பில் ஏதோ உரசியது.

சரக், சரக் என்று அது நெருங்கி வந்தது. றேமண்ட் முழங்காலில் விழுந்துவிட்டான். வாய்க்கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு உடும்பைவிடப் பெரிய கபரகொய்யா ஒன்று வெளியே வந்தது. கறுப்பும் மஞ்சளுமாக, சாம்பல் பூசின முதுகோடு, யாரையும் பார்க்காமல் நகத்தால் இரும்பைச் சுரண்டிக்கொண்டு இறங்கி, இலையடிக்கு வந்தது. நாக்கை நீட்டி ஒரு தரம் மோந்தது. பிறகு சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றது. வடையையும் தின்றது.

அப்படியானால் சவள் சத்தம் இதுதானா? நாகேந்திரத்தின் நெஞ்சுப் பாரம் ஒரு கணம் இறங்கியது. மறுகணமே, கபரகொய்யா இருபது வரியை எண்ணித் தராது என்பது உறைத்தது. அவர் அந்த எண்ணத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தார்.

எல்லோரும் பழனியம்மாவைப் பார்த்தார்கள். அவள் அந்தப் பிராணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது.

"காக்கா வரட்டும்னு காத்திருக்க மாட்டாரு," என்றாள். "பசி தாங்காது அவருக்கு."

தாலியைக் கழற்றிப் பால் செம்புக்குள் விட்டாள். அது அடியில் போய் முட்டியது ஆறு பேருக்கும் கேட்டது. இரண்டு விதவைகளும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒப்பாரி மரங்களுக்குள் கொஞ்சத் தூரம் போய் அங்கேயே நின்றுவிட்டது. கபரகொய்யா வந்த வழியே ஏறிப் பொயிலருக்குள் போனது. வாய்க்கதவு ஒரு தரம் ஆடி நின்றது.

திரும்பி நடந்தார்கள். மதில் உடைப்பு ஒருநேரத்தில் ஒருவர்தான் நுழையக்கூடிய அளவு. றேமண்ட் முதலில் பாய்ந்தான். பெண்கள் போனார்கள், மகன் போனான். பழனியம்மா உடைப்பருகே வந்ததும் நின்றாள். முந்தானையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக விலகினாள். கால் சரியில்லாத ஒருவர் ஏறி இறங்க எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு தான் நுழைந்தாள்.

கடைசியாக நின்றவர் நாகேந்திரம். அந்தப் பக்கத்திலிருந்து லொறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மதிலில் கையை வைத்தவர், ஏனென்று தெரியாமல், தானும் ஒரு கணம் தாமதித்துவிட்டுத்தான் காலைத் தூக்கி வைத்தார்.